கூடாரம் இல்லாத மூன்று பேருக்குப் படுக்கை வாங்கிய கதை

1. எட்டுக் கிலோ

முப்பத்திரண்டு வருட சர்வீஸில் நான் போட்ட கையெழுத்தை நானே அடித்தது ஒரே ஒரு முறைதான். எழுபதுகளின் கடைசியில், ஒரு ஜனவரி மாதம். அடித்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. 

டெல்லியில் எங்கள் ஆபீஸ், மலையில் விழும் பனியை அளந்து கணக்கு வைக்கும் மத்திய அரசு ஆபீஸ். நான் ஸ்டோர்ஸ் செக்ஷனில் யு.டி.சி., அதாவது மேல்நிலை குமாஸ்தா. மன்னார்குடியில் பிறந்து, கல்யாணமாகி டெல்லிக்கு வரும்வரை ஸ்வெட்டர் என்ற பொருளைத் தொட்டுப் பார்க்காதவள். பனியில் போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை சர்க்கார் என்னிடம் கொடுத்திருந்தது. சர்க்காரைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல!

வழக்கமாக எங்கள் ஆட்கள் கோவேறு கழுதைகளின் மேல் கேன்வாஸ் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் முதல் முறையாக நட்ட நடு ஜனவரியில் ஒரு அளவு எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த மாதத்தில் கழுதை அந்தப் பாதையில் கால் வைக்காது. மூன்று பேர் நடந்தே போக வேண்டும், நான்கு ராத்திரி ஒரு பாறை இடுக்கில் தங்க வேண்டும். கூடாரம் என்ற பேச்சே இல்லை. கருவிகளின் கனம் போக, படுக்கை, துணி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு எட்டுக் கிலோதான் தூக்க முடியும்.

மூன்று கடைகளிலிருந்து ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் பை, சாம்பிள் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்றையும் தராசில் வைத்தேன். டெல்லியில் ரஜாய், அதாவது பஞ்சு அடைத்த போர்வை, தைக்கக் கொடுக்கும்போது கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே எத்தனை கிலோ பஞ்சு என்பதுதான். இரண்டு கிலோ ரஜாயைவிட மூன்று கிலோ ரஜாய் கதகதப்பு. நாங்கள் குடியிருந்த கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பச்சைக் குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆகவே இருப்பதிலேயே கனமான பஞ்சுப் பையை, நாலரைக் கிலோ, தேர்ந்தெடுத்தேன். இறகு அடைத்த பை ஒன்றும் வந்திருந்தது. கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி லேசாக இருந்தது. இதைப் போர்த்திக்கொண்டு யாருக்குக் குளிர் அடங்கும் என்று ஓரமாகத் தள்ளிவிட்டேன். பஞ்சுப் பைதான் விலையும் குறைவு, அதனால் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "பரிசோதித்ததில் பொருத்தமானது" என்று சர்டிபிகேட் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

2. நேகி கேட்டது

கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது நேகி வந்தார். கட்வால் மலைக்காரர், அந்த மூன்று பேருக்குத் தலைவர். அதிகம் பேசாத மனுஷன். பஞ்சுப் பையைத் தூக்கிப் பார்த்தார், சுருட்டிப் பார்த்தார், பிரித்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக ஹிந்தியில் ஒன்று கேட்டார்.

"மேடம்ஜி, இதுல ஒரு ராத்திரி நீங்க படுத்துப் பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஸ்டோர்ஸில் இருப்பவள் வாங்குகிற பாயில் எல்லாம் படுத்துப் பார்க்க முடியுமா? அப்படித்தான் பதிலும் சொன்னேன்.  அவர் பையைப் பழையபடி அழகாகச் சுருட்டி வைத்துவிட்டு நமஸ்தே சொல்லிப் போனார். சண்டை போட்டிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த நமஸ்தே என்னை விடவில்லை. சாயங்காலம் அந்தப் பையைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

என் வீட்டுக்காரர் வேறொரு அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஃபைலை வீட்டுக்குக் கொண்டு வர்றவங்களைப் பாத்திருக்கேன். மொட்டை மாடிக்குக் கொண்டு போறவ நீ ஒருத்திதான்."

இருந்தாலும் அவரே மாடிக்கு வந்து இடம் பார்த்துக் கொடுத்தார், தன் குரங்குக் குல்லாவையும் என் தலையில் மாட்டிவிட்டார். நேகிக்கு நான் போட்டுக் கொடுத்த சாமான் லிஸ்டில் கட்டில் கிடையாது, அதனால் நானும் வெறும் சிமெண்டுத் தரையில்தான் படுத்தேன். லிஸ்டில் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையோடு காலாகச் சுற்றிக்கொண்டேன்.

மேலே குளிரவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். கீழேதான். முதுகுக்கு அடியில் பஞ்சு நசுங்கிக் காகிதமாகிவிட்டது. தரையின் ஜில்லிப்பு எலும்பில் ஏறியது. இதில் இன்னொரு கூத்து, என் மூச்சே பிளாஸ்டிக்கின் உள்பக்கம் தண்ணீராகப் படிந்து பையில் சொட்டியது. ஈரமான பஞ்சு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு மூன்று மணிக்குத் தெரிந்துவிட்டது. கீழே இறங்கி வந்து கதவைத் தட்டினேன். அவர் சிரிக்கவில்லை, ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபி போட்டார்.

டெல்லி மாடியிலேயே இந்தக் கதி. இறங்கி வந்து தட்ட நேகிக்கு அங்கே கதவு ஏது? 

3. சுந்தரம் சார் தாமதமாக வந்த நாள்

எங்கள் ஆபீசர் சுந்தரம் சார் மதுரைக்காரர். நான் நேராகப் போய், என் தேர்வு தப்பு, சர்டிபிகேட்டை ரத்து செய்கிறேன், இறகுப் பையை அவசரக் கொள்முதலில் வாங்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அடுத்த மாதம் பிரமோஷன் கமிட்டி. என் பெயர் அதில் இருந்தது. இருவருக்கும் அது தெரியும்.

"ஏம்மா, படுத்துப் பாக்காமலே பரிசோதிச்சேன்னு எழுதினேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, அந்தப் பேப்பர் கமிட்டிக்குப் போகும். நான் தடுக்க முடியாது."

"போகட்டும் சார். நேகி திரும்பி வரணும்."

 அவர், ஒரு தப்பு சர்டிபிகேட்டை அடித்துவிட்டு இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது என்று சொல்லி, இறகுப் பையைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அவரும் மாடியில் படுக்கப் போகிறாராம்!

இதற்குள் தரைக்கு ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. கருவிகள் வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியில் தண்ணீர் உறிஞ்சாத, கெட்டியான ஃபோம் தட்டு வைத்து வரும். பிரித்ததும் குப்பைதான். நேகியைக் கூப்பிட்டு, முதலில் அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் நெளிந்தார். பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். ஃபோம் தோளிலிருந்து இடுப்புவரை போதும், காலுக்கு அடியில் காலி முதுகுப்பையை வைத்துக்கொள்ளலாம், பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொள்ளாமல் கீழே மட்டும் விரிக்கலாம் என்று அவர் சொன்னார். கத்திரிக்கு மசியாத அந்த ஃபோமை, மன்னார்குடியிலிருந்து கொண்டு வந்த என் அரிவாள்மணைதான் அறுத்தது. வாழைக்காய் சீவிய கை, விட்டுவிடுமா! ஒரு துண்டு சுந்தரம் சாருக்கும் போனது.

மறுநாள் ஒன்பது மணிக்கு சாரைக் காணோம். பத்துக்கும் காணோம். பத்து வருஷத்தில் ஐந்து நிமிஷம் பிந்தாத மனுஷர். விறைத்துப் போய்விட்டாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு வந்தார், முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"எந்திரிக்கவே மனசு வரலைம்மா" என்றார்.

அவசரக் கொள்முதலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதே கடையில் இன்னும் இரண்டு பைகள் இருந்தன. கிளம்பும் நாள் காலையில் மூன்று மூட்டைகளையும் தராசில் வைத்தேன். ஒவ்வொன்றும் ஏழே முக்கால் கிலோ. பாக்கி கால் கிலோவுக்கு நேகி வெல்லம் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

4. குறிப்பு

கமிட்டி கூடியது, பிரமோஷன் பட்டியலிலிருந்து என் பெயர் போயிற்று. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் நம் ஊர்க் காய்கறி கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போய் முருங்கைக்காய் வாங்கி வந்தார். எனக்கு அழுகை வந்தது, சாம்பாரும் நன்றாக இருந்தது.

அதற்கு மறு வாரம் நேகி வந்தார். உதடு வெடித்து, மூக்கு கறுத்து, ஆனால் இரண்டு காலில் நடந்து வந்தார். மற்ற இருவரும் பின்னால் நின்றார்கள். அளவு எடுத்தாயிற்று என்றார். மூன்றாம் ராத்திரி பெரிய பனி விழுந்ததாம், விடியும்போது பைகளின் மேல் ஒரு முழத்துக்குப் பனி இருந்ததாம். எப்படி இருந்தது என்று நான் கேட்டேன்.

"நல்லாத் தூங்கினோம் மேடம்ஜி."

அவ்வளவுதான் சொன்னார். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு, ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பிரமோஷன் வந்தபோதுகூட இல்லை. பிரமோஷன் இரண்டு வருஷம் கழித்து வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தராசு கனத்தைச் சொல்லும், கதகதப்பைச் சொல்லாது. கூடாரம் இல்லாதவனுக்குப் போர்வையைவிடப் பாய் முக்கியம். பரிசோதித்தேன் என்று எழுதுவதற்கு முன்னால் பரிசோதித்துவிடுங்கள்.

சுந்தரம் சார் அந்த மாதமே சர்டிபிகேட் படிவத்தை மாற்றினார். "படுத்துப் பார்த்தவர்" என்று ஒரு கட்டம், பக்கத்தில் "குறிப்பு" என்று ஒரு கட்டம். நான் ரிட்டயர் ஆகும்வரை அந்தப் படிவம் இருந்தது. அந்தப் படிவங்களைச் சேர்த்த கோப்பின் முதல் பக்கத்தில் முதல் வரி பஞ்சுப் பைக்கு. படுத்துப் பார்த்தவர் இடத்தில் என் பெயர், குறிப்பில் "தூங்கவில்லை" என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே இறகுப் பை. பெயர், சுந்தரம் சார். குறிப்பில் அவர் கைப்பட எழுதியிருந்தார்: "ஆபீஸுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். பொருத்தமானது."