கஞ்சி போட்ட கழுத்துப்பட்டி

டீட்டிகோனிலிருந்து சூரிச் போகும் ரயிலில் உருத்திரமூர்த்தி ஒரு துணிப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பதினொரு வருடமாக ஓர் ஓவியக்கூடத்தில் துப்புரவு வேலை. சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, எங்கும் தன்மேல் ஒரு முறைப்பாடு வந்துவிடக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரம்.

கூடத்தின் இரண்டாம் அறையில், நானூறு வருடத்துக்கு முந்தைய ஒல்லாந்துச் சீமாட்டி ஒருத்தியின் படம். கறுப்புப் பட்டுச் சட்டை. கழுத்தைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டளவு வெள்ளை மடிப்புப் பட்டி, ஒரு மடிப்புக்கூடச் சாயாமல். அதைப் பார்த்துத் தைத்த பட்டி ஒன்று, பிள்ளைகள் போட்டுப் பார்ப்பதற்காக, கீழே மேசையில் இருந்தது. ஞாயிறு வந்த பிள்ளைகள் மாறிமாறி மாட்டியதில் அது நனைந்த அப்பளம்போலத் தொங்கிவிட்டது.

கோயில் வேட்டிக்குக் கஞ்சி போட்டுப் பழகிய மனிதருக்குப் பொறுக்கவில்லை. அன்றிரவே வீட்டுக்குக் கொண்டுவந்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி, மடிப்பு மடிப்பாக விரல் விட்டுக் காயவைத்தார்.

"கேட்டிட்டோ கொண்டந்தனீங்கள்?" என்றாள் மனைவி யசோதரா.

"திங்கள் பூட்டு. செவ்வாய் நான்தானே முதல் ஆளாத் திறக்கிறன், திருப்பி வைச்சிடுவன்!"

அந்தச் செவ்வாய்தான் இது. ரயில் ஷ்லீரனைத் தாண்டும்போது, வழமைக்கு மாறாக முந்தியே வந்துவிட்ட கூடத்துப் பொறுப்பாளர் அம்மா ஃபிறாவ் ஹூபரின் செய்தி வந்தது: கழுத்துப்பட்டி களவு போயிற்று, ஒன்பது மணிக்குப் பொலிசுக்கு அறிவிக்கப்போகிறேன்.

உருத்திரமூர்த்தி யசோதராவுக்குப் போன் அடித்தார்.

"பையை ரயிலிலையே விட்டிட்டு இறங்கட்டோ?"

"உங்களுக்கென்ன விசரோ! அப்பதான் உண்மையாக் கள்ளன் ஆவீங்கள். கொண்டுபோய்க் குடுங்கோ."

எட்டு ஐம்பதுக்குக் கூடத்தில் ஃபிறாவ் ஹூபரிடம் பையை நீட்டினார். படித்த ஜெர்மன் எல்லாம் பறந்துபோய், "அரிசி... கஞ்சி..." என்பது மட்டும் வந்தது. ஃபிறாவ் ஹூபர் பட்டியை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார்.

"அரிசியா? பூச்சி வரும். பூச்சி படத்துக்கும் போகும்!"

பட்டியை எட்டப் பிடித்து, பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டினார். "பூச்சி சாக இரண்டு வாரம் உறைபெட்டியில் கிடக்கட்டும்."

"பொலிஸ்?" என்றார் உருத்திரமூர்த்தி.

"கொண்டுவந்து தந்தவரைப் பற்றிப் பொலிசுக்கு என்ன சொல்ல? இனிமேல் கேட்காமல் ஒன்றையும் தொடாதீர்கள்."

மத்தியானம் யசோதரா அழைத்தாள். "என்னப்பா, பொலிஸ் பிடிச்சு மறியலோ?"

"பட்டிக்குத்தான். ரெண்டு கிழமை ஃபிறீசருக்கை."

"அப்ப உங்களுக்கு?"

"சூடா ஒரு தேத்தண்ணி போட்டு வையும், வாறன்." சிரிக்கப் பார்த்தார். இரண்டாம் அறையை மட்டும் கூட்டாமல், ஃபிறாவ் ஹூபரைக் கேட்டுவிட்டுத் தொடலாம் என்று, தும்புத்தடியோடு அதன் வாசலிலேயே நின்றார்.