நாகலெட்சுமிக்கு என்ன வியாதி

1956 தை மாதம், இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமியின் மூன்று மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. எட்டாம் நாளே வேலைக்குப் போனாள். ஆனால் செடியில் கை வைக்காமல் நின்றாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "புள்ள அழுவுது, ஒருத்தருக்கும் கேக்கலியா?" என்று கத்திக்கொண்டே, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை நோக்கி ஓடினாள்.

பேய் என்றார்கள். பூசாரி வேப்பிலையால் அடித்ததில் முதுகு தடித்ததுதான் மிச்சம். கடைசியில் தோட்டத்து மருந்துக்காரர் ஒரு கடிதம் கொடுத்தார். வீட்டிலிருந்த காகிதங்களையெல்லாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புருஷன் முத்துலிங்கம் அவளைக் கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மனநோய் வார்டுக்குக் கூட்டிப் போனான்.

பெரிய டாக்டருக்குத் தமிழ் தெரியாது. கடைத்தெருத் தமிழ் பேசும் சிங்கள ஊழியர் ஒருவர் கேள்விகளை மாற்றிச் சொன்னார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"மாசி பொறந்து ஒம்போது நாளுங்க."

ஊழியருக்கு மாசி புரியவில்லை. தேதி தெரியவில்லையாம் என்றார்.

"நாடு எது?"

"எங்களுக்கு நாடு இல்லீங்க."

ஊழியர் சிரித்துவிட்டார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"சத்தம் ஏதும் கேக்குதா?"

"புள்ள அழுவுதுங்க."

"புள்ள எங்க?"

"செத்துப்போச்சுங்க."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சித்தப்பிரமை என்று எழுதி உள்ளே அனுப்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பார்க்கப் போன முத்துலிங்கத்துக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மருந்தில் நாக்கு தடித்து, வாயோரம் எச்சில் வழிந்தது. வராந்தாவிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அந்த வாரம் புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் இராஜகுமாரி அவனைக் கண்டு விசாரித்தார். இருவரையும் அறைக்குள் அழைத்து, நாகலெட்சுமியை உட்காரவைத்து, அதே கேள்விகளைத் தமிழில் மறுபடி கேட்டார். நாடு எது என்றதும் அதே பதில்தான் வந்தது.

முத்துலிங்கம் பையிலிருந்து ஒரு காகிதத்தை நீட்டினான். பிரஜாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம்.

"இங்கயும் எங்கள ஏத்துக்கலீங்க, இந்தியாவுலயும் பேரு இல்ல. அவ சொன்னது நெசந்தானுங்க டாக்டரம்மா."

'தன் நாட்டை அறியாதவள்' என்று நோயாளிச் சீட்டில் இருந்த வரியை டாக்டர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பிள்ளை அழுற சத்தம் எந்த நேரத்திலை கேட்டது?"

"பாலு கட்டுறப்பங்க. மாரு கல்லாட்டம் ஆயிரும். அப்பத்தான் அழுவும். இப்பப் பாலு வத்திருச்சு. சத்தமும் இல்லீங்க."

பக்கத்தில் நின்ற தாதி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டாள்.

டாக்டர் விடவில்லை. நித்திரை எத்தனை மணிக்குக் கலையுது, என்ன நினைப்பு வருது, ஆரிலை கோபம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"செத்துப்போகலாம் எண்டு இருக்கோ?"

"தெனமும்ங்க."

"இதை ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"யாரும் கேக்கலீங்களே."

முத்துலிங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒரே அறையில் பக்கத்தில் படுத்திருந்தவனுக்கே அது தெரியாது.

நாகலெட்சுமிக்கு வியாதி இருந்தது, சித்தப்பிரமை இல்லை. அது குழந்தையைப் பறிகொடுத்த பின் வந்த கடும் மனச்சோர்வு. அதுவும் உயிரை வாங்கக் கூடியதுதான். இராஜகுமாரி பெரிய டாக்டரோடு வாதாடி மருந்தை மாற்றினார். அவளைத் தனியே விடாமல் தாதிகளைப் பார்த்துக்கொள்ளச் செய்தார். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார்.

வைகாசியில் அவள் தோட்டத்துக்குத் திரும்பினாள். லயத்துப் பெண்கள் முதலில் கிட்ட வரப் பயந்தார்கள். பக்கத்து வீட்டு அழகம்மா மட்டும் ஒருநாள் வந்து, வளரத் தொடங்கியிருந்த முடிக்கு எண்ணெய் தடவிவிட்டாள். கொழுந்துக் கூடையை நாகலெட்சுமி தலையில் மாட்ட மேலும் மூன்று மாதம் ஆயிற்று.

இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. முத்துலிங்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் அழகம்மாவைத் துணைக்கு உட்காரச் சொன்னான். வேலை விட்டு வந்ததும் மனைவியிடம் தவறாமல் கேட்டான்:

"இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?"