முசியேவின் தூண்கள்ளி

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எல்லோருக்கும் அவர் முசியே, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’. எழுபதுகளின் கடைசியில், பாரீசிலிருந்த மகளைப் பார்க்கக் கிளம்பியபோது, தூண்போல் நிமிர்ந்த கள்ளி ஒன்றைத் தொட்டியோடு என்னிடம் ஒப்படைத்தார்.

“இது அதோட சொந்த நாட்டுலயே அழிஞ்சிக்கிட்டு வருதும்மா, பத்திரம்.”

பயத்தில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். இரண்டே மாதத்தில் அது அழுகிச் சாய்ந்தது. என் கணவர் தெருக்கோடி வேலியிலிருந்து சதுரக்கள்ளியை வெட்டிவந்து அதே தொட்டியில் நட்டார்.

திரும்பிவந்த முசியே, “நல்லா வளத்திருக்கியேம்மா” என்று மகிழ்ந்து, மகளுக்கு அனுப்ப ஒரு துண்டு வெட்டினார். பால் வடிந்தது.

“இதுல பால் வராதே?”

நான் என் கணவரைப் பார்த்தேன்.

“புள்ள மாதிரி பாத்துக்கிட்டா, அதான் பால் ஊறுது, முசியே” என்றார் அவர்.

முசியே கண்கலங்கிவிட்டார். அடுத்த வாரம் எங்கள் வேலிக்கள்ளி பார்சலில் பாரீசுக்குப் போனது.