சோடாவில் முக்கிய சிவப்புக் கம்பளம்

போடியில் எங்கள் கிறிஸ்தவச் சபைக் கோவிலில், வாசலிலிருந்து பீடத்துப் படி வரைக்கும் விரிக்கிற சிவப்புக் கம்பளம் ஒன்று இருந்தது. அசல் கம்பளி. ஒன்பது வருடம் அதைச் சுத்தம் பண்ணியது நான்தான். முதலில் தூசி போகத் தட்டுவேன். சோப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்து ஓர் ஓரத்தில் அழுத்திப் பார்ப்பேன். துணியில் சிவப்பு ஏறினால் அந்தச் சோப்பு வேண்டாம். பச்சைத் தண்ணீர்தான். அதிலும் முக்க மாட்டேன், ஈரத் துணியால் ஒற்றி எடுப்பேன். பிறகு கோவிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் பெஞ்சுகளின் மேல் பரப்பி, ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள். வெயில் ஆகாது. சூடு ஆகவே ஆகாது. இதை வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் காதில் ஏறினால்தானே!

ஒரு கல்யாணத்துக்கு முந்தின வாரம் விடாத மழை. நான் ஒற்றி எடுத்துப் பரப்பிவிட்டுப் போன கம்பளம் பாதி ஈரமாக வெஸ்ட்ரியில் கிடந்தது. நான் தேனி ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் துணையாக இருந்தேன். கம்பளம் காயாது என்று இவராகவே முடிவு பண்ணி, அதைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றி, மலையிலிருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்து ஸ்டோருக்குக் கொண்டு போய்விட்டார். ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற இடம் அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணத்தன்று தேனியிலிருந்து நேராகக் கோவிலுக்கு வந்தேன். அதற்குள் இவரே கம்பளத்தை விரித்திருந்தார். பீடத்துப் படிக்கு இரண்டு முழம் எட்டவில்லை. ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. மழையில் நனைந்த கால்கள் பட்டுப் பட்டுச் சாயம் கிளம்பி, மணப்பெண்ணின் வெள்ளைச் சேலைக் கரை முழுக்கச் சிவப்பு.

"யாரு இதைக் கழுவுனாக?" என்று பெண்ணின் அம்மா கேட்டார். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. ஆண்கள் வரிசையில் இவர் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்ன செஞ்சீக அதை?"

"காயை அலசுற சலவைச் சோடாத் தண்ணியில முக்கித்தான் ஸ்டோர்ல போட்டேன். காய்க்குப் பச்சை நிக்கிதுல்ல? இதுக்குச் சிவப்பு நிக்கும்னு நெனச்சேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

நல்லதுக்காம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அதைச் சபையில சொல்லுங்க."

"ஒரு கம்பளத்துக்கா? விட்டுத் தள்ளு."

விட்டுத் தள்ளுவதற்கு, கெட்டுப்போனது அவருடைய பெயர் இல்லையே. அந்த வாரமே கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். "புதுக் கம்பளம் வாங்குறோம்க்கா. இனி மதுரைக்கு அனுப்பிக் கழுவிக்கிறோம், நீங்க சிரமப்பட வேண்டாம்" என்றார். இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்து வேலை, இரண்டு வாய் காப்பிக்குள் என் கையை விட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து நின்றேன்.

"ஐயா, கம்பளத்தைக் கெடுத்தது நான் இல்ல. சோடாவுல முக்கி, ஏலக்கா ஸ்டோர்ல சூட்டுல போட்டது எங்க வீட்டுக்காரர். நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல."

போதகர் ஐயர் இவரைப் பார்த்தார். "அப்படியா?"

இவர் எழுந்தார். இந்தத் தடவை ஃபேனைப் பார்க்க முடியவில்லை. "ஆமாங்கய்யா" என்றார்.

அதன் பிறகு சுருங்கின கம்பளத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. புருஷனைச் சபை நடுவில் தலைகுனிய வைத்தவள் என்று என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேசட்டும். புதுக் கம்பளம் மதுரைக்குப் போகவில்லை. அதன் ஓரத்தில் முதல் வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தது நான்தான். காய்கிற இரண்டு நாளும் வெஸ்ட்ரிச் சாவி என் இடுப்பிலேயே இருந்தது.