குதிரை மிதித்த லாடம்

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு யாரும் லாடம் அடிப்பதில்லை. வெளியில் தம்பாட்டில் திரிகிற பிராணிகள். கல்லுத் தரையே அவற்றின் குளம்பைத் தேய்த்துக் கொடுத்துவிடும். கோடையில் தண்ணீர் வற்றினால் ஒரு செம்மண் நிறப் பெட்டைக்குதிரை மட்டும் எங்கள் கிணற்றடித் தொட்டிக்கு வரும். நான் வாளியைத் தூக்கினாலே முகத்தை உள்ளே விட்டுவிடும். அதன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

பெரியப்பாவின் மகன் கோயில் திருவிழாவுக்குச் சுவிசிலிருந்து வந்திருந்தார். அங்கே புது வீடு வாங்கியிருக்கிறார். வாசல் நிலையில் லாடம் அடித்தால் கண்ணூறு நாவூறு அண்டாது என்று யாரோ ஓதிவிட்டார்கள். கடையில் வாங்கியது சரிவராதாம். குதிரை மிதித்ததாக இருக்க வேண்டுமாம்.

"அண்ணை, இஞ்சத்தைக் குதிரையளுக்கு லாடமே இல்லை" என்றேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, அடிச்சால் போச்சு. கொஞ்ச நாள் மிதிக்கட்டும், பிறகு கழட்டுவம்."

சொன்னதைச் செய்தார், பெரிய மனிதர். வேலணைப் பக்கமிருந்து ஒருவரைப் படகில் கூட்டி வந்தார். வண்டில் மாடுகளுக்கு லாடம் அடித்துப் பழகியவர். குதிரையின் காலைத் தொட்டதே இல்லை. குதிரையை நிற்கவைத்து, காலை மடக்கிப் பிடித்துத்தான் அடிக்க வேண்டும் என்பது அவருக்கு எங்கே தெரியும்? தொட்டியில் வாய் வைத்திருந்த அந்தப் பெட்டைக்குதிரையைக் கயிறு போட்டு, மாட்டைச் சாய்ப்பதுபோல விழுத்தி, நாலு காலையும் சேர்த்துக் கட்டினார்கள். பிளந்த மாட்டுக் குளம்புக்கு லாடம் இரண்டு துண்டு. குதிரையின் ஒரு குளம்புக்கென்று ஓர் இரும்புப் பட்டையை வளைத்து வந்திருந்தார். ஆணியை வெளிப்பக்கம் சரித்து இறக்காமல், நேரே உள்ளே இறக்கினார். குதிரை அலறியது. ஆணியடியில் இரத்தம் கசிந்தது.

"நிப்பாட்டுங்கோ, உயிர்ச்சதையிலை ஏறிட்டுது!"

"பயப்பிடாதையும் பிள்ளை, மாட்டுக்கும் வாறதுதான்" என்றார் அவர். அண்ணை கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

குதிரை நொண்டி நொண்டி அந்த லாடத்தை மிதித்தது. புறப்படும் நாளில் மறுபடி விழுத்தி அதைக் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் கழுவிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அண்ணை போய்விட்டார். ஆணி போன ஓட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குப் பற்றி எரிந்தது.

குளம்பு கொதித்தது. மயிரும் குளம்பும் சேருமிடத்தில் சீழ் உடைத்தது. வைத்தியரைக் கூப்பிடக் கடல் கொந்தளிப்பில் படகு ஓடவில்லை. கடைசியில் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் வந்திறங்கிய மிருக வைத்தியர் காலைப் பார்த்துவிட்டு, "இனி ஏலாது அக்கா" என்று ஊசியைப் போட்டார். நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு ஆயத்தம் நடப்பதாகச் சொல்ல அண்ணை தொலைபேசி எடுத்தார். குதிரை செத்துவிட்டது என்றேன். "ஐயையோ" என்றார். மனம் உடைந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்ப தங்கச்சி, செத்ததின்ரை லாடத்தை வாசலிலை அடிக்கலாமோ? துடக்கு, தீட்டு எண்டு ஒண்டும் இல்லையோ?"

"அதுக்குத் துடக்குக் காக்க ஆர் அண்ணை இருக்கினம்? அடியுங்கோ."

"ஓம், அதுவும் சரிதான்" என்று நிம்மதியாகச் சொன்னார்.