டென்னிஸ் கோர்ட்டில் போட்ட பேர்

கிருஷ்ணம்மா டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டவள் அல்ல. ஆனாலும் டென்னிஸ் முழங்கை அவளுக்குத்தான் வந்தது.

இலங்கையின் மாத்தளைப் பக்கம், உக்குவளைக்கு மேலேயுள்ள ஒரு றப்பர் தோட்டத்தில் கலியாணமான நாளிலிருந்து பால் வெட்டியவள். அவள் வெட்டிய மரங்கள் தோட்டத்துக்குச் சொந்தம். அதை அவள் மட்டும் என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை. 2006இல் வலது முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினாலே சுண்டி இழுத்தது. பட்டையோடு நிற்கவேண்டிய கத்தி, வலியில் நழுவிக் கட்டை வரைக்கும் இறங்கியது. அப்படிக் காயம்பட்ட பட்டையில் பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது.

வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை நடராஜா காயங்களைப் பார்த்தார்.

“இன்னும் ஒரு மரத்தில காயம் கண்டேன், உன் மரத்தையெல்லாம் இலட்சுமிக்குக் குடுத்துருவேன். நீ புல்லு வெட்டப் போ.”

“புல்லு வெட்டக் கை வேணாமா ஐயா? காலாலயா வெட்டுவாங்க?”

மரங்களை விடுவதில்லை என்று முடிவுசெய்து, மாத்தளைக்குப் பஸ் ஏறினாள். பாதிவழியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்து மறுபடி ஏற்றினார்கள். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அதுவும் பயணத்தில் சேர்த்தி.

மாத்தளையில் தசைவலிக்குச் சிகிச்சை செய்யும் மர்சூக், முழங்கைக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். அவள் கத்தினாள்.

“இதுக்குப் பேரு டென்னிஸ் எல்போ, அக்கா.”

“நான் எங்கங்க டென்னிஸ் ஆடினேன்?”

“ஆடத் தேவையில்ல. ஒரே மாதிரிக் கையை முறுக்கி முறுக்கி வேல செஞ்சாலும் வரும்.” மயிர் போல் மெல்லிய ஊசியொன்றை எடுத்தார். “இறுகிக் கெடக்கிற தசையில இதைக் குத்துவேன். இதுல மருந்து இல்ல.”

கிருஷ்ணம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

“அதான பாத்தேன். தோட்டத்து ஆளுங்கன்னா ஊசியிலயும் மருந்து இல்லையா?”

“எல்லாருக்கும் இப்படித்தான் அக்கா. நேத்து ஒரு பேங்க் மெனேஜருக்கும் வெறும் ஊசிதான்.”

மேனேஜரையும் ஏமாற்றுகிறார்கள் என்றதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் வாய் அடங்கவில்லை. “நாங்களும் மரத்துக்கு மருந்தில்லாமத்தான் வெட்டுறோம். அதுல பால் வரும். இதுல என்னங்க வரும்?”

“உங்கட கை வரும்.”

ஊசி இறங்கியதும் அறுந்த பல்லிவால் போலத் தசை ஒருமுறை துடித்தது. துடித்தால் நல்லதாம். “துடிச்சது நான்” என்றாள் அவள். இரண்டு நாள் குத்திய இடம் நோகும், இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், கத்தி பிடிக்கக்கூடாது, கைப்பயிற்சி செய்ய வேண்டும், இன்னும் இரண்டு தடவை வர வேண்டும் என்றார் மர்சூக்.

திரும்பி வந்து இரண்டு கிழமைக்கு லேசு வேலை கேட்டாள். நடராஜாவுக்கு அந்தப் பெயர் போதுமாயிருந்தது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கேட்கச் சிரித்தார்.

“டென்னிஸா? வெளையாட்டுல வந்த வருத்தத்துக்குத் தோட்டம் லேசு வேலை குடுக்காது.”

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. வேலைக்கு நின்றவருக்குப் பேர் போடுவார்கள். நோவுக்குப் பெயர் கிடைத்ததால் கிருஷ்ணம்மாவின் பேர் போயிற்று.

மறுநாள் காலை அவள் பெரட்டுக்கு வரவில்லை. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் பின்னால் பழைய டென்னிஸ் கோர்ட் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் ஆடிய இடம். இப்போது அங்கே மிளகு காய்ந்தது. நடுவில் போய் நின்றுகொண்டாள். நடராஜா ஓடி வந்தார்.

“இங்க என்னடி வேலை?”

“டென்னிஸ்ல வந்த வருத்தம்னு நீங்கதான சொன்னீங்க? தோட்டத்துல டென்னிஸ் கோர்ட் இது ஒண்ணுதான். அப்ப இங்கதான் வேலை செஞ்சிருக்கேன். பேரு போடுங்க.”

பின் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த துரை சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கோபப்படுவது துரைமாருக்குக்கூடக் கஷ்டம்.

“ரெண்டு கிழமை மிளகு பார்க்கட்டும். பேர் போடுங்க.”

“அவ மரம், தொர?” என்றார் நடராஜா.

துரை வாய் திறக்குமுன் கிருஷ்ணம்மா முந்திக்கொண்டாள். “இலட்சுமிக்கு இரவல் குடுக்கிறேன். காயம் போட்டா அவளுக்கு இருக்கு.”

துரை கோப்பைக்குள் பார்த்தார். தோட்டத்து மரம் இரவல் போயிற்று.

இரண்டு கிழமை இடக்கையால் மிளகு கிளறினாள், ஆடு விரட்டினாள். இரண்டு முறை போய் அந்த ஏமாற்று ஊசியைக் குத்திக்கொண்டு வந்தாள். தவணை முடிந்த காலையில் இலட்சுமிக்கு முன்பே மரத்தடியில் நின்றாள். நடராஜா பார்க்க, கத்தியை மெதுவாக இழுத்தாள். பட்டை சுருளாக விழுந்தது. பால் கோட்டில் இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. நடராஜா குனிந்து காயம் தேடினார். கிடைக்கவில்லை.

“ஊசி நல்ல ஊசிதான்” என்றார்.

“அதுல மருந்தே இல்லைங்க” என்றாள் அவள். “பேரு போடுங்க.”

அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.