சூட்டில் அணைந்த கம்ப்யூட்டரும் ரிக் மெக்கானிக்கும்

இன்று மாலை, திருச்செங்கோட்டில் என் ஜெராக்ஸ் கடையில் நடந்தது. வியப்பு இன்னும் அடங்கவில்லை.

கடைக் கம்ப்யூட்டரில் பிராசசருக்கு மேலே இருக்கும் ஃபேனைப் போன வாரம் நானே மாற்றினேன். அன்றிலிருந்து பத்து நிமிடத்தில் சூடேறி அணைந்துவிடுகிறது.

போர்வெல் போடும் ரிக் லாரிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர், மகளின் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்ப வந்தார். ஐந்து மணியோடு கெடு முடிகிறது. பாதி நிரப்பியதும் திரை கறுத்துவிட்டது. ஒரு வாரமாகச் சூடேறி இப்படித்தான் அணைகிறது என்று அவரிடம் சொன்னேன்.

"மூடியக் கழட்டுங்க, பாக்கலாம்" என்றார். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனுக்கு அடியில், பிராசசரின் சூட்டை வாங்கும் அலுமினியக் கட்டையைத் தொட்டார்.

"ஏனுங்க, சூட்டுல அணையுதுங்கறீங்க, இது சில்லுனு இருக்குதுங்க? அடியில இருக்கற சூடு இதுக்கு வந்தே சேரலைங்க."

கட்டையின் நான்கு மூலைகளையும் அழுத்தினார். ஒன்று ஆடியது. ஃபேனோடு சேர்த்துக் கட்டையை மாட்டியபோது நான் சரியாகப் பூட்டாமல் விட்ட பிளாஸ்டிக் பின் அது. அழுத்தியதும் 'டக்' என்று உட்கார்ந்தது.

மறுபடி ப்ளக்கை மாட்டி ஆன் செய்தேன்; அதன்பின் அணையவே இல்லை. கெடுவுக்குப் பத்து நிமிடம் முன்பே விண்ணப்பம் போய்விட்டது.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"எஞ்சின் கொதிக்குது, ரேடியேட்டரு ஆறிக் கெடக்குதுன்னா வேறென்னங்க?"

கம்ப்யூட்டரின் உள்பக்கத்தை இன்றுதான் முதன்முதலில் பார்க்கிறாராம்.

சுவரில் தொங்கும் என் ஹார்டுவேர் டிப்ளமோவை என்ன செய்யலாம்? சொல்லுங்கள்.